ஏழாம் தலைமுறை, எட்டு ஜிபி ரேம்

பெங்களூரில் கம்பெனிகள் கழித்துக் கட்டியவை
மாதம் இருமுறை லாட்டாக வந்து இறங்கும்,
பெட்டிக்கு இருபது.
தின்னர் தொட்ட துணியால்
சொத்து எண் ஸ்டிக்கரைச் சுரண்டுவதுதான்
ராயக்கோட்டை சாலையில் என் காலை வேலை.
யார் யார் மடியிலோ சூடேறியவை.
சிலதில் ஸ்பேஸ் பார் மட்டும் தேய்ந்து பளபளக்கும்.

பெயர்கள் எனக்கு மனப்பாடம்.
இரண்டு சாண்டி பிரிட்ஜ், மூன்று ஐவி பிரிட்ஜ்,
நான்கு ஹாஸ்வெல்.
ஆறிலிருந்து எல்லாமே ஏரி:
ஸ்கை லேக், கேபி லேக், காபி லேக்,
பத்தில் வால்மீன், பதினொன்றில் புலி.
படேதலாவ் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த வருஷத்திலும்
இன்டெல்காரனுக்கு மட்டும்
ஏரி நிரம்பிக்கொண்டே இருந்தது.

சந்தூரிலிருந்து சென்றாயன் வந்தார்
மகள் யுவஸ்ரீயோடு.
சட்டைப்பையில் கல்லூரி கொடுத்த சீட்டு:
எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல்.
எட்டு என்றால் இருபத்து மூவாயிரம்,
ஏழு என்றால் பதினாறு ஐந்நூறு.
அவர் ஏழைத் தூக்கிப் பார்த்தார்.
(ஏழை என்று எழுதினால்
வேறு அர்த்தமும் வருகிறது.
வரட்டும்.)

"எட்டுக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"
புது விண்டோஸ் எட்டிலிருந்துதான் உள்ளே விடும்.
ஏழு ஓடும், நன்றாகவே ஓடும்,
ஆனால் வாசலில் ஒரு பட்டியல் இருக்கிறது என்றேன்.
"அப்ப, ஓடாததால இல்ல."
"இல்லீங்க."
தலையாட்டினார்.
அந்த மாதிரி வாசல் அவருக்குப் புதிதில்லை.

அடுத்து அவர் கேட்டதை
இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.
"ஐ த்ரீ, ஐ ஃபைவ்ங்கறது வேற வேற மரமா?"

மாங்காய் மண்டியில் தரம் பிரிப்பவர்,
இருபத்திரண்டு சீசனாக.
தோல் தெளிந்தது வடக்கே போகும் லாரிக்கு,
புள்ளி விழுந்தது கூழ் ஆலைக்கு.
கை பார்க்கும், கண் சும்மா இருக்கும் என்றார்.

ஒரே மரம்தான் என்று சொன்னேன்.
ஒரே சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கில் விளையும்,
பிறகு ஒவ்வொன்றாய்ச் சோதிப்பார்கள்.
வேகம் தாங்கியது பெரிய பெயரில் போகும்.
சிலதில் நாலு கோரில் ஒன்றிரண்டு பழுது;
அதை அணைத்துவிட்டு
சின்னப் பெயர் போட்டு விற்பார்கள்.
சில நேரம் பழுதே இருக்காது.
சின்னப் பெயருக்குத்தான் கிராக்கி என்றால்
நல்லதையும் அணைப்பார்கள்.

"அணைச்சது உள்ளேயே இருக்குமா?"
"இருக்கும். கரண்டு போகாது, அவ்ளோதான்."

அதன் பிறகு அவர் பேசவில்லை.
யுவஸ்ரீ விசைகளை ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்தாள்,
கேள்விக்குறி இரண்டு முறை.
ஏழின் மின்விசிறி லேசாக இரைந்தது.

"எட்டே குடுங்க" என்றார் திடீரென்று.
"பணம் இவ அக்கா போடுவா."
"சீக்கிரம்ப்பா, மதிய ஷிஃப்டு ஏறிட்டா
போனை உள்ள விட மாட்டாங்க."
ஓசூர் பக்கம் செல்போன் கம்பெனி,
ஒரு அறைக்கு ஆறு பேர் விடுதி.

"அக்கா பன்னெண்டாவதுல
என்னைவிட நாப்பது மார்க் கூட"
என்றாள் யுவஸ்ரீ, யாரும் கேட்காமலே,
திரையைப் பார்த்தபடி.

கல்லாவில் இருந்த ஸ்பீக்கர்
எல்லாருக்கும் சொல்கிற அதே குரலில் சொன்னது:
இருபத்து மூவாயிரம் ரூபாய் பெறப்பட்டது.
அனுப்பியவர் பெயரை அது சொல்லாது.
என் போனில் வந்தது: அம்பிகா எஸ்.

பில் புத்தகத்தை இழுத்தேன்.
"யார் பேருல போட?"
சென்றாயன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.
மண்டியில் அவ்வளவு நேரத்தில்
ஒரு கூடை பிரித்திருப்பார்.
"பெரியவ பேருலயே போடுங்க.
ஆறு மாச வாரண்டியாவது அவ பேர்ல இருக்கட்டும்."

அவர்கள் போனதும் கடையைச் சாத்தி
சாப்பிடப் போய்விட்டேன்.
திரும்பி வந்து பார்த்தால்
மேசையில் ஏழு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.
அணைக்க மறந்திருக்கிறேன்.